செங்கோடன் செய்த குடைதாங்கி

மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே பதினோரு கேடிகள். ஆட வருகிறவர்களின் மட்டைப்பையை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கூடவே நடப்பவர்களுக்கு அந்தப் பெயர். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டப்படும் கேடிகள் வேறு ரகம்.

அவர்களில் ஒருத்தி செவந்தி; மற்றப் பத்துப் பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தவள். வயது முப்பத்தாறு. யாராவது அவளைக் குரு என்று சொன்னால், "உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா?" என்பாள். ஆனாலும் அவள்தான் குரு. அதை இல்லையென்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அவளிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடர் செங்கோடன். வயது ஐம்பத்து மூன்று. கீழே சமவெளியில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு முதலாளி கதவைச் சாத்தியதும், மச்சான் பேச்சைக் கேட்டு மலையேறினார். இந்த வேலையும் போனால் ஏறுவதற்கு வேறு மலை இல்லை. அதை அவர் மனைவி தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டினாள்.

முதல் நாள் செவந்தி அவருக்கு ஒரே ஒரு பாடம் சொன்னாள்.

"வண்டியை விட்டுக் கையை எடுக்காதீங்ணா. டீ குடிச்சாலும் ஒரு கை அது மேல இருக்கோணும்."

அந்தத் தொழிலில் மரியாதை என்பதே அதுதான். பையைத் தனியாக விட்டுவிட்டுப் போன கேடியை மறுநாள் எந்த ஆட்டக்காரரும் கூப்பிட மாட்டார். செங்கோடன் அந்தப் பாடத்தை வேதம்போலப் பிடித்துக்கொண்டார். தும்மும்போதுகூடக் கையை எடுப்பதில்லை.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. இடி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்கு வேப்பமரத்தடியில் ஒதுங்கிய தன் ஆறு ஆடுகளை ஓட்டிவரப் போனார். மரத்தை நெருங்க இருபதடி இருக்கும்போது கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. எழுந்து பார்த்தால் ஆறு ஆடும் காலை நீட்டிக் கிடந்தன. ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை. செத்ததைவிட அந்தக் கீறல் இல்லாததுதான் அவரை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து வானம் லேசாக உறுமினாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மலையில் ஐப்பசி பிறந்தால் மதியம் தவறாமல் இடி. மழை வந்தால் கேடி ஒரு கையால் வண்டியை இழுக்க வேண்டும், மறு கையால் ஆடுகிறவர் தலைக்குமேல் குடை பிடிக்க வேண்டும். சுற்றிலும் மரமே இல்லாத புல்வெளி. அதில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது குடையின் இரும்புக் காம்பு. அந்தக் காம்பைப் பிடித்திருப்பது செங்கோடன்.

ஒரு நாள் செவந்தியிடம் கேட்டார்.

"அம்மிணி, இந்தப் பயம் போறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"எனக்குத் தெரியலீங்ணா."

"உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா நான் வெச்சுக்குவனா? எனக்கே இருக்குது."

குரு இப்படிச் சொன்னால் சீடன் என்ன செய்வான்? மற்றவர்களாக இருந்தால் கோயிலுக்குப் போயிருப்பார்கள். செங்கோடன் ஸ்பானரைத் தேடினார். முப்பது வருஷம் தறியோடு மல்லுக்கட்டிய கை அது. எதைப் பார்த்தாலும் எங்கே முறுக்கலாம் என்றுதான் அதற்குத் தோன்றும்.

குடைதானே பிரச்சினை? அதைக் கையில் பிடிக்காமல் வண்டியே பிடித்துக்கொண்டால்?

அவர் இழுப்பது மில்காரரின் வண்டி. மில்காரர் என்றால் பஞ்சாலை முதலாளி. மைதானத்தில் எல்லோருக்கும் அவர் மில்காரர், செங்கோடனுக்கு மட்டும் மொதலாளி. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் குழாயில் ஒரு முழம் அறுத்துக்கொண்டார். வண்டியின் கைப்பிடித் தண்டோடு சேர்த்து இரண்டு இரும்புக் கிளிப்பால் இறுக்கினார். வழுக்காமல் இருக்க நடுவே சைக்கிள் ட்யூப் ரப்பர். குடைக் காம்பைக் குழாயில் இறக்கினார். காற்றில் சுழலக் கூடாதே என்று குழாயையும் காம்பையும் சேர்த்துத் துளைபோட்டு, குறுக்கே ஒரு போல்ட் செருகி, நட்டைத் திருகி, அதன் மேல் இன்னொரு நட்டையும் திருகினார்.

மறுநாள் காலை செவந்தியிடம் கொண்டுபோய்க் காட்டினார். முகமெல்லாம் பல்.

செவந்தி குடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. தொங்கிப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

"நல்ல வேலைங்ணா. கழட்டுங்க பாக்கலாம்."

"இப்பத்தானுங்களே மாட்டுனேன்."

"சும்மா. கழட்டுங்க."

செங்கோடன் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தார். மேல் நட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. செவந்தி விரல்கணுவில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் போல்ட்டை உருவியபோது முப்பது எண்ணி முடித்துவிட்டு, இரண்டாவது முறை எண்ண ஆரம்பித்து, அதையும் முடித்திருந்தாள்.

"மறுபடி மாட்டுங்ணா."

மாட்டினார். அவள் வண்டியைச் சரிவுக்கு ஓட்டிவந்து, குடையை விரித்து, அவரிடம் கைப்பிடியைக் கொடுத்தாள். அன்று காற்று அப்படியொன்றும் இல்லை. பூவரசு இலை அசைகிற அளவுதான்.

"கையை விடுங்க."

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்கதானுங்களே அம்மிணி, எடுக்கவே கூடாதுன்னு..."

"நானேதான் சொல்றேன். விடுங்க."

விட்டார். குடை காற்றை வாங்கியது. வண்டி மெதுவாக ஊர்ந்தது. பிறகு மெதுவாக ஊரவில்லை. செங்கோடன் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குடையைக் கையில பிடிச்சப்ப எத்தனை கை வேணும்னுச்சு?"

"குடைக்கு ஒண்ணுங்க. வண்டிக்கு ஒண்ணு."

"இப்ப?"

செங்கோடன் தன் கைகளைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சாத் தீந்துதுங்க அம்மிணி."

செவந்தி அதற்கு மேல் பேசவில்லை. ஒருமுறை சொன்னது ஏறாவிட்டால் இரண்டாம்முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அது நல்ல பழக்கமா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அன்று அவள் பேசியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. ஏனென்றால் பத்து மணிக்கு மில்காரர் வந்தார். வண்டியைப் பார்த்தார். குடைக்கடியில் நின்று பார்த்தார். செங்கோடன் தோளில் தட்டினார்.

"ஏப்பா செங்கோடா, நீ சாதாரண ஆள் இல்லப்பா. இதை யாரும் கழட்டக் கூடாது, ஆமா."

முப்பது வருஷத் தறி வாழ்க்கையில் ஒரு முதலாளியும் அவர் தோளைத் தொட்டதில்லை. அன்றிரவு மனைவியிடம் அதை மூன்று முறை சொன்னார். இனி அந்தக் குடையைக் கழற்ற அந்த மலையில் எந்த ஸ்பானராலும் முடியாது.

ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது; அந்தப் பத்து நாளும் நன்றாகத்தான் போயிற்று. தூறல் வந்தது, சாரல் வந்தது, குடை நனையாமல் காத்தது. காற்று வந்தால் கல். செங்கோடன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கல் இருந்தது.

பதினோராம் நாள் மாதக் கோப்பை ஆட்டம். மில்காரரும் டாக்டரம்மாவும் சோடி. டாக்டரம்மாவுக்குக் கேடி செவந்தி. ஒன்பதாவது குழி மேட்டின் உச்சியில் இருந்தது. மொட்டை மேடு. அங்கே அவர்கள் ஏறும்போது மேற்கே மலை இருந்தது. ஏறி முடித்தபோது மலை இருந்த இடத்தில் கறுப்பு இருந்தது.

ஒரு மின்னல். செவந்தியின் கட்டைவிரல் விரல்கணுக்களில் ஓடியது. நீண்ட நேரம் கழித்து உறுமல் வந்தது.

"இருபத்தி நாலு," என்றாள். "மின்னி முப்பது எண்ணறதுக்குள்ள இடி வந்துட்டா எறங்கிரோணுமுங்க."

டாக்டரம்மா உடனே மட்டையைப் பைக்குள் போட்டார். கீழே சரிவின் அடியில் செங்கல் கட்டடமாக ஒரு பம்ப் ரூம் இருந்தது. மறுபேச்சில்லாமல் அதை நோக்கி இறங்கினார்.

மில்காரர் இறங்கவில்லை.

"இடி அந்த மலையிலப்பா. பந்தை ரெண்டே அடி, முடிச்சிட்டு வந்துருவேன். செங்கோடா, நில்லு."

செங்கோடன் நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த மின்னலுக்குச் செவந்தி பன்னிரண்டு எண்ணினாள். வண்டியை இழுத்தபடி இறங்கிக்கொண்டே, "வாங்ணா!" என்று கத்தினாள்.

அப்போதுதான் காற்று வந்தது. பூவரசு இலைக் காற்று அல்ல. ஆளையே தள்ளும் காற்று. குடை ஒருமுறை படபடத்துவிட்டு விறைத்து நின்றது. சக்கரத்துக்கடியில் வைத்த கல் தெறித்து எங்கோ போனது. வண்டி சரிவை நோக்கிப் பாய்ந்தது. செங்கோடன் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார்.

குடையை மடக்க வேண்டுமென்றால் மேலே எட்ட வேண்டும். எட்ட ஒரு கையை எடுக்க வேண்டும். எடுத்தால் வண்டி ஓடும். ஸ்பானர் பையின் அடியறையில் இருந்தது. வண்டியைச் சாய்த்துப் படுக்கப் போட்டிருக்கலாமே என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. நமக்கு இடி கேட்கவில்லை, தோன்றும்.

குடையிலிருந்து தப்பிக்க அவர் செய்த தாங்கி இப்போது அவருடைய இரண்டு கையையும் எடுத்துக்கொண்டது.

"விடுங்ணா!" என்றாள் செவந்தி. அவள் இருபதடி கீழே நின்றிருந்தாள்.

"போயிருமுங்க! மொதலாளி பை!"

"போகட்டும்!"

"வேலை போயிருமுங்க அம்மிணி!"

மூன்றாவது மின்னல். செவந்தி நான்குகூட எண்ணவில்லை.

அதன்பிறகு நடந்ததைச் செங்கோடன் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார்; ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். காற்று சட்டென்று நின்றது. அந்த அமைதியில் தலைக்குமேல் ஏதோ முனகியது. பலாப்பழத்தில் ஈ மொய்ப்பது போன்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தார். ஈ இல்லை. குடைக் கம்பிகள்தான் முனகிக்கொண்டிருந்தன. கையில் இருந்த மயிரெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. காலை நீட்டிக் கிடந்த ஆறு ஆடுகளும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தன.

விட வேண்டும் என்று தெரிந்தது. விரல்கள் திறக்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இடியைவிடக் கெட்டியாக ஒன்று உட்கார்ந்துகொண்டு, விடாதே, மொதலாளி பார்க்கிறார், விடாதே என்றது.

செவந்தி இன்னொரு முறை கத்தவில்லை. தன் வண்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். சரிவைப் பார்க்கத் திருப்பினாள். உதைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவின் வண்டி துள்ளித் துள்ளி ஓடிற்று. பாறையில் மோதிக் குட்டிக்கரணம் போட்டது. பை வாய்பிளந்து மட்டைகள் சிதறின. மிச்சம் அடியில் இருந்த ஓடைக்குள் போய் விழுந்தது. பதினெட்டு வருஷத்தில் செவந்தியின் கை வண்டியை விட்டுப் பிரிந்ததை யாரும் பார்த்ததில்லை.

செங்கோடன் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கைகள் காலியாக இருப்பதைக் கண்டார். எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. மில்காரரின் வண்டி, விரித்த குடையோடு, தேர்போல ஆடி அசைந்து அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

"ஓடுங்க!"

ஓடினார்கள். மில்காரர் மேட்டில் நின்று தொண்டை கிழியத் திட்டினார். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அவரும் இறங்கி ஓடிவந்தார். மட்டையெல்லாம் ஓடைக்குள் போனபின் மேட்டில் நின்று என்ன ஆடுவது?

பம்ப் ரூமில் நான்கு பேரும் மோட்டாரைத் தொடாமல், சுவரைத் தொடாமல் நடுவில் குந்தியிருந்தார்கள். வெளியே வானம் கிழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் செங்கோடனின் தோள் காதுவரை ஏறியது. ஒவ்வொரு இடிக்கும் செவந்தியின் தோளும் ஏறியது. அதை அவர் கவனித்தார்.

முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. மில்காரர் முதல் வேலையாக மேட்டின்மேல் ஏறிப் போனார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு புல் கருகியிருக்கவில்லை. திரும்பி இறங்கிவந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"இடி எங்கப்பா விழுந்துச்சு?"

"விழலீங்க," என்றார் செங்கோடன்.

"அப்புறம் எதுக்கு வண்டியை விட்ட?"

"பயந்துட்டனுங்க."

"பயந்தா விட்டுருவியா?"

செங்கோடன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"விட்டுருவனுங்க."

மில்காரர் ஓடைப்பக்கம் கையைக் காட்டினார்.

"இனிமே என் பையைத் தொடாதே."

"சரிங்க."

மில்காரர் விறுவிறுவென்று கிளப்பைப் பார்த்து நடந்தார். டாக்டரம்மா ஓடைக் கரையில் நின்று தன் மட்டைகளைப் பார்த்தார். இரண்டு வளைந்திருந்தன. செவந்தியைப் பார்த்தார். "ஓடி வந்ததுல காலுல அடிபட்டிருக்கு பாரு, வந்து மருந்து போட்டுக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குருவும் சீடரும் ஓடைக்குள் இறங்கிச் சேற்றில் துழாவி மட்டைகளைப் பொறுக்கினார்கள். குடை துணி கிழிந்து வெறும் கம்பிக்கூடாகக் கிடந்தது. தாங்கி மட்டும் வண்டியை விடவில்லை. செங்கோடன் அதை ஏறிட்டுப் பார்க்கவும் வெட்கப்பட்டார்.

"அம்மிணி, இடி விழவே இல்லீங்களே."

"ஆமா."

"உங்க பையும் பாழாப் போச்சுங்க."

"ஆமா."

"அப்ப நாம பண்ணுனது தப்புங்களா?"

"நாளைக்கு உக்காந்து யோசிக்கலாங்ணா. நாளைக்கு நீங்களும் இருக்கறீங்க, நானும் இருக்கறேன்."

எங்கோ தூரத்தில், மலைக்கு அந்தப்புறம், ஒரு உறுமல். செங்கோடன் கையில் இருந்த மட்டையைச் சட்டென்று கீழே போட்டார்.

"இன்னும் பயமாத்தான் இருக்குதுங்க."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் பொறுக்கினார்கள். பிறகு செங்கோடன் நிமிர்ந்தார். ஏதோ ஒரு சாமானைத் தொலைத்தவர்போல முகம் குழம்பியிருந்தது.

"மொதலாளி முன்னால போய் நின்னா எப்பவும் வவுத்துல கெட்டியா ஒண்ணு வந்து உக்காருமுங்க அம்மிணி. தறிக்குப் போன நாள்ல இருந்தே இருக்குது. இன்னைக்கு அவரு திட்டறப்ப, வருமே, வருமேன்னு பாத்துட்டே நின்னேன். காணமுங்க."

செவந்தி ஒரு மட்டையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போச்சுன்னே தெரியலீங்க," என்றார் செங்கோடன்.

"மேட்டுலதான் எங்கியாச்சும் கெடக்கும்," என்றாள் செவந்தி. "எடுக்கப் போயிராதீங்ணா."